தி தார்ன்ஸ்: மூன்று குரல், ஒரே ஆல்பம்

எங்கள் சாஃப்ட்வேர் வட்டாரத்தில் 'சைட் ப்ராஜெக்ட்' என்றால் எல்லோருக்கும் தெரியும். சம்பள வேலை ஒரு பக்கம் ஓடும். ஆசைக்காக இன்னொன்றைத் தொடங்குவோம். பாட்டுக்காரர்களும் இதைச் செய்கிறார்கள். எனக்குப் பிடித்த உதாரணம் 'தி தார்ன்ஸ்' என்ற அமெரிக்க ஃபோக் ராக் குழு.

மேத்யூ ஸ்வீட், ஷான் மலின்ஸ், பீட் ட்ரோஜ் என்று மூன்று பேர். மூவருமே ஏற்கெனவே தனிப் பாடகர்கள். ஸ்வீட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது 1991-இல் வந்த 'கேர்ள்ஃப்ரெண்ட்' ஆல்பம். மலின்ஸின் 'லல்லபை' 1998-இல் வந்து அமெரிக்க ஹிட் பட்டியலின் முதல் பத்துக்குள் போனது. ட்ரோஜின் முதல் ஆல்பம் 1994-இல் வந்தது. 2003-இல் மூவரும் சேர்ந்து குழுவின் பெயரிலேயே ஓர் ஆல்பம் போட்டார்கள். பிரெண்டன் ஓ'ப்ரையன் தயாரித்தார். கொஞ்ச நாள் ஊர் ஊராகப் பாடினார்கள். அவ்வளவுதாங்க, அவரவர் வழியில் போய்விட்டார்கள்.

அப்படி என்ன விசேஷம்? ஹார்மனிதான். நம்ம கச்சேரியில் கூடப் பாடுகிறவர் பெரும்பாலும் அதே ஸ்வரத்தைத்தான் பிடிப்பார். ஹார்மனியில் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு ஸ்வரம். ஒருவர் ச, அடுத்தவர் அந்தர காந்தாரம், மூன்றாமவர் ப. ச 200 ஹெர்ட்ஸ் என்றால் க 250, ப 300. அதாவது 4:5:6. விகிதம் இவ்வளவு எளிமையாக இருப்பதால் காது மூன்றையும் கலந்து ஒரே ஒலியாக எடுத்துக்கொள்கிறது. பியானோவில் இந்தச் சுத்தம் கிடைக்காது. அதில் அதே க ஏறக்குறைய 252-இல் நிற்கும். குரல் அப்படியில்லை. பக்கத்துக் குரலைக் கேட்டுக்கொண்டே 250-க்கு இறங்கி வரலாம்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மூவரும் மூச்சை ஒரே இடத்தில் எடுக்க வேண்டும், சொல்லை ஒரே இடத்தில் முடிக்க வேண்டும். ஒருவர் தன் பாணியில் ஒரு குழைவு போட்டாலும் கலவை பிரிந்துவிடும். தனியாக நின்று பாடியே பெயர் வாங்கினவர்களுக்கு இது லேசான காரியமா? பெயர் வாங்கித் தந்த அந்தத் தனித்தன்மையைத்தானே இங்கே அடக்க வேண்டியிருக்கிறது!

1969-இல் முதல் ஆல்பம் போட்ட கிராஸ்பி, ஸ்டில்ஸ் & நாஷ் குழுவோடு இவர்களை ஒப்பிடுவார்கள். அங்கேயும் மூன்று குரல்தான். ஆனால் ஆளுக்குச் சில பாட்டு என்று ஒவ்வொருவரும் முன்னால் நின்றார்கள். 'இது நாஷ் பாட்டு' என்று சொல்ல முடிந்தது. சண்டையும் சமாதானமுமாக அந்தக் குழு பல பத்தாண்டுகள் ஓடியது. தார்ன்ஸ் ஆல்பத்தில் பாட்டின் பெரும்பகுதியை மூவரும் சேர்ந்தே பாடுகிறார்கள், யார் குரல் எது என்று பிரிப்பது கஷ்டம். ஆல்பத்தின் அழகே அதுதான். ஆனால் தன் பெயரில் பிழைப்பு நடத்தும் பாடகர் எத்தனை வருஷம் அப்படிக் கரைந்து நிற்க முடியும்? குழு நீடிக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஜேஹாக்ஸ் குழுவின் 'ப்ளூ' பாட்டை இவர்களும் இந்த ஆல்பத்தில் பாடியிருக்கிறார்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, நடுக்குரலை மட்டும் கடைசிவரை பின்தொடர முடிகிறதா என்று கேட்டுப் பாருங்க.