அறுவைக்குப் பின்னும் நொண்டும் நாய்

திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்றை அது கூறுகிறது. வைத்தியர், அறுவை செய்பவர் ஆகியோருடன், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கும் அதில் ஊதியம் ஒதுக்கப்பட்டுள்ளது. அறுவையோடு வைத்தியம் முடிவதில்லை என்பது 11-ஆம் நூற்றாண்டிலேயே அறிந்த செய்தி. நாய்க்கும் இது பொருந்தும்.

இடுப்பிலும் முழங்காலிலும் அறுவை செய்த காவல் நாய் மாதக்கணக்கில் நொண்டுவதுண்டு. இனித் தேறாது என்று சிலர் அதைக் கட்டிப்போட்டு விடுகிறார்கள். இது தவறு. பயன்படாத காலின் தொடைச் சதை வற்றும், மூட்டு விறைக்கும். உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களே தாங்குவதால், நாய் மூன்று காலில் ஓடப் பழகிவிடும்.

முதல் இரண்டு வாரம்

நாயைச் சிறிய அறையில் வைக்க வேண்டும். சிறுநீர், மலம் கழிக்க மட்டும் குட்டைக் கயிற்றில் அழைத்துச் செல்லலாம். முதல் மூன்று நாள், பனிக்கட்டியைத் துணியில் சுற்றித் தினம் மூன்று முறை 10 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். வழுக்கும் தரையில் சாக்கு விரிப்பது அவசியம். குழித்தறி உள்ள வீடுகளில் நாய் குழியில் இறங்காதபடி தடுப்பு வைக்க வேண்டும்.

பயிற்சி

தையல் பிரித்த பின், மருத்துவர் அனுமதியுடன் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, காலை மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். ஒரு தடவைக்கு 10 முறை போதும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது நடை. 5 நிமிடத்தில் தொடங்கி வாரந்தோறும் சிறிது கூட்டலாம். நடை மிக மெதுவாக இருக்க வேண்டும். வேகமாக நடத்தினால் நாய் காலைத் தூக்கிக்கொள்ளும். மெதுவாக நடத்தினால் ஊன்றியே தீரும்.

தொடை எலும்பின் தலையை நீக்கிய அறுவையில் காலை விரைவில் பயன்படுத்துவது நல்லது. முழங்காலில் எலும்பை வெட்டித் தகடு பொருத்தியிருந்தால் எலும்பு கூட சுமார் 8 வாரம் ஆகும். அதுவரை ஓட்டம், தாவல், படியேற்றம் கூடாது. இரண்டும் செய்த நாய்க்கு எந்த விதி என்பதை அறுவை செய்தவரிடமே கேட்டறிய வேண்டும்.

புண் முழுதும் ஆறிய பின், தேங்கிய தெளிந்த நீரில் நடத்துவது சிறந்தது. இடுப்பளவு நீரில் கால்களில் இறங்கும் எடை பாதிக்கும் மேல் குறையும். பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் இடத்தில் நீரோட்டம் உள்ளபோது இறக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

வாரம் ஒரு முறை இரு தொடைகளையும் ஒரே இடத்தில் அங்குல நாடாவால் அளந்து குறித்துவர வேண்டும். ஊன்றாத காலில் நகம் தேயாமல் நீண்டிருக்கும். நாய் கொழுத்தால் மூட்டுக்குச் சுமை. சோற்றின் அளவைக் குறைக்க வேண்டும். மனிதருக்கான வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. அது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும்.

ஊன்றி நடந்த நாய் திடீரெனக் காலைத் தூக்கினாலும், மூட்டில் வீக்கமோ சூடோ சீழோ கண்டாலும், பயிற்சியை உடனே நிறுத்த வேண்டும். தகடு தளர்ந்திருக்கலாம், மறுகாலின் தசைநாரும் அறுந்திருக்கலாம். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அறுவை செய்த மருத்துவரிடமோ, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ காட்டுவது நலம். செல்லும்போது பழைய படங்களையும் தொடை அளவுக் குறிப்பையும் தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டும்.