பழுது தீர்த்தலும் பழமை காத்தலும்

பிரான்சு தேசத்து மொல்சைம் நகரில் எற்றோர் புகாட்டி ஆக்கிய றோயல் மோட்டார் வண்டிகளுள் இன்று எஞ்சியுள்ளவை ஆறே. அடிச்சட்டமும் 12.7 லீற்றர் கொள்ளளவுள்ள எட்டு உருளை இயந்திரமும் தொழிற்சாலையில் உருவாக, மேற்கூட்டை வேறொரு கம்மியர் தனியே சமைத்தலும் அக்கால வழக்கு. ஜேர்மானிய வைத்தியர் யோசப் பூக்ஸ் வாங்கிய வண்டிக்கு மியூனிச் நகரத்து வைன்பேர்கர் 1932 இல் மேற்கூடு அமைத்தார்.

வைத்தியரோடு அமெரிக்கா சென்ற அவ்வண்டியுள், வடிக்கப்படாது நின்ற நீர் மாரிக்குளிரில் உறைந்து விரிந்தது, உருளைக்கட்டு வெடித்தது. ஈற்றில் நியூயோர்க்கின் பழைய இரும்புக் கிடங்கொன்றை அது அடைந்தது. 1940களில் அதனை மீட்டவர் பொறியியலாளர் சாள்ஸ் செயின்.

ஆறே வண்டிகளுக்கு உதிரிப்பாகம் எந்தக் கடையிற் கிடைக்கும்? செயின் வெடித்ததைச் சீராக்கினார். அத்தோடு அமைந்தாரல்லர், ஒரு கார்புரேற்றர் இருந்தவிடத்து நான்கைப் பொருத்தினார், கரிய வண்டியை வெண்ணிறமாக்கினார். பழமை பேணுவார் இதனைக் குறையென்பர். ஆயினும், உலையில் உருகியிருக்கக்கூடியதை மீண்டும் ஓடச் செய்தவர் அவரே.

மிச்சிகன் மாநிலத்து ஹென்றி போர்ட் அரும்பொருட்சாலையில் அது இன்றும் அவ்வெண்ணிறத்தோடே நிற்கின்றது. மீளக் கருமை தீட்டின் வைன்பேர்கரின் கைவண்ணம் துலங்கும். செயினின் கைச்சுவடு மறைந்துபோம்.