விண்டோஸில் அமைதி, லினக்ஸில் 'டக்... டக்': பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் என்ன சொல்கிறது?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பல வீடுகளில் அலமாரி மேல் இன்னமும் ஓர் அரசு லேப்டாப் இருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மாணவர்கள் கைக்குப் போனவை 50 லட்சத்துக்கும் மேல். ஆரம்பத்தில் வந்தவற்றில் ஒரு விசேஷம் உண்டு. ஆன் செய்ததும் 'எதில் போகணும்?' என்று கேட்கும்: விண்டோஸ் 7-ஆ, சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸா? டூயல் பூட் என்ற பெயர் தெரியாமலேயே அதைப் பழகிய தலைமுறை அது.

2020 ஜனவரி 14-ஓடு விண்டோஸ் 7-க்கான ஆதரவு நின்றுபோனது. பழைய மெஷினுக்குப் புது விண்டோஸ் கனம் என்பதால், பக்கத்திலேயே உபுண்டுவோ மின்ட்டோ ஏற்றி ஓட்டுபவர்கள் உண்டு. அங்கேதான் இந்தப் புகார் ஆரம்பிக்கும்: "விண்டோஸ்ல சத்தமே இல்ல, லினக்ஸ்ல போனா டக், டக்னு அடிக்குது. டிஸ்க் போச்சா?"

டிஸ்க்குக்குள் சுழலும் தட்டின் மேல், ஒரு நூலிழைகூட இல்லாத இடைவெளியில், 'ஹெட்' என்ற ஊசிமுனை மிதக்கிறது. வேலை இல்லாதபோது அது ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். லேப்டாப் ஆடினால் தட்டில் இடிக்காமல் இருக்கவும், பேட்டரி மிச்சமாகவும் இந்த ஏற்பாடு. ஒதுங்கும்போது வருவதுதான் அந்த 'டக்'. எவ்வளவு சீக்கிரம் ஒதுங்க வேண்டும் என்பதை 'ஏபிஎம்' என்ற மின்சேமிப்பு அளவு தீர்மானிக்கிறது. இந்த அளவை இரண்டு ஓஎஸ்களும் ஒரே மாதிரி வைப்பதில்லை. சில விநாடி சும்மா இருந்ததும் ஹெட் ஒதுங்கும். லினக்ஸ் பின்னணியில் ஏதோ ஒரு வரி எழுத, மறுபடி இறங்கும். 2007 வாக்கில் உபுண்டு பயனர்களிடையே இது உலக அளவில் பெரிய சர்ச்சையாகவே வெடித்தது.

எரிச்சல் மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆனால் லேப்டாப் டிஸ்க்குகள் பொதுவாக 3 லட்சம் அல்லது 6 லட்சம் முறை ஒதுங்குவதற்கே உத்தரவாதம் பெற்றவை. நிமிடத்துக்கு 2 முறை, தினம் 8 மணி நேரம் என்றால் ஒரு நாளுக்கு 960. 6 லட்சமே 625 நாளில் தீர்ந்துவிடும்.

உபுண்டுவில் உள்ள 'டிஸ்க்ஸ்' செயலியைத் திறந்து, மெனுவில் 'ஸ்மார்ட் டேட்டா' பாருங்கள். 193-ஆம் வரிசைதான் இந்தக் கணக்கு. பத்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். எண் சடசடவென ஏறியிருந்தால் ஆள் சிக்கிவிட்டார். அதே மெனுவின் 'டிரைவ் செட்டிங்ஸ்' பகுதியில் ஏபிஎம் அளவை 254-க்குத் தள்ளினால் பெரும்பாலும் சத்தம் அடங்கும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகக் குறையும், ஓடும்போது லேப்டாப்பைத் தூக்கி நடப்பதையும் விட்டுவிட வேண்டும். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இதே எண்களைக் காட்டும். ஆனால் மூல எண்களை அது ஹெக்ஸ் முறையில் போடுவதால், தசம முறைக்கு மாற்றாமல் படித்துக் குழம்புபவர்களே அதிகம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 'லினக்ஸில் மட்டும்தானே சத்தம், அப்போ செட்டிங் பிரச்சினைதான்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு ஓஎஸ்களும் ஒரே டிஸ்க்கில் இருந்தாலும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. லினக்ஸ் குடியிருக்கும் பகுதியில் மட்டும் தட்டு பழுதாகியிருந்தால், சத்தமும் அங்கே போகும்போது மட்டுமே வரும். வித்தியாசத்தைக் காது பிடித்துவிடும். சும்மா இருக்கும்போது ஒற்றை 'டக்' வந்தால் ஒதுங்கல். ஒரு கோப்பைத் திறக்கும்போது 'டக்-டக்-டக்' என்று வந்து திரையும் உறைந்தால், படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். ஸ்மார்ட் பட்டியலில் 5, 197 ஆகிய வரிசைகளின் மூல எண் பூஜ்யம் தாண்டி ஏறிக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம்.

ஓஎஸ் ஏறும் முன்பே, பயாஸ் திரையில் நிற்கும்போதே அடிக்கிறதா? அப்போது குற்றவாளி மென்பொருள் அல்ல. டெஸ்க்டாப்பில் கேபிளையும் பவர் சப்ளையையும் மாற்றிப் பார்க்கலாம். 199-ஆம் எண் ஏறினால் கேபிள் மேல்தான் கை வைக்க வேண்டும். உப்புக் காற்றில் கனெக்டர் பல் கறுத்துப்போவது கடலோர வீடுகளுக்குப் புதிதல்ல. தொடர்ச்சியாக 'ர்ர்ர்' என்றால் டிஸ்க்கே இல்லை, ஃபேன். கன்டெய்னர் லாரிகள் ஓயாத எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீட்டில் அதற்குள் எவ்வளவு தூசு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டிஸ்க் பழுது என்று தெரிந்ததும் பலர் செய்வது ஃபார்மேட், அல்லது விண்டோஸின் 'செக் டிஸ்க்'. சாகக் கிடப்பவரை மாடிப்படி ஏறச் சொல்வது போன்றது அது. மணிக்கணக்கில் முழுத் தட்டையும் உழ வைக்கும். முதலில் நகல். மார்க்‌ஷீட் ஸ்கேன், கல்யாண வீடியோ என்று வேறெங்கும் இல்லாதவை முதலில், சினிமா கடைசியில். பென்டிரைவில் இருந்து லினக்ஸை ஏற்றி எடுப்பது நல்லது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' காரணமாக விண்டோஸ் பகுதியைப் படிக்க மட்டும் விடுவேன் என்று லினக்ஸ் அடம்பிடித்தால் பயப்பட வேண்டாம், நகலெடுக்க அது போதும்.

நகலே ஓடவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். கடையில் ஒரே ஒரு கேள்வி: "டிஸ்க்கைத் திறப்பீங்களா, எங்க வெச்சுத் திறப்பீங்க?" சுத்த அறை இல்லாமல் மேசை மேலேயே ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறார் என்றால், டிஸ்க்கை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.