பந்து பட்டா பேஸ் உண்டா? ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பாலில் ஹிட் பை பிட்ச்

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விதியைத்தான் எடுத்திருக்கேன். பிட்சர் வீசின பந்து பேட்டர் மேல பட்டா ஃபர்ஸ்ட் பேஸ் இலவசம். சாஃப்ட்பால் பார்க்க ஆரம்பிச்ச முதல் வாரத்துலயே இதைக் கத்துக்குவோம். ஆனா இது பாதி விதிதான்.

கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் சமம், சொந்த ஊர் அணி பேட்டிங், மூணு பேஸ்லயும் ரன்னர்ஸ்னு வைங்க. பந்து பேட்டரோட முழங்கையில பட்டுது. பேஸ் கொடுத்தா ஒரு ரன் உள்ளே வந்து மேட்ச் முடிஞ்சது. கொடுக்கலைன்னா அதே பேட்டர் அங்கேயே நின்னு அடுத்த பந்தை ஆடணும்.

அம்பயர் வலியைப் பார்க்கிறதில்லை. அவர் மண்டைக்குள்ள ஓடுறது ஒரு இஃப்-எல்ஸ். பேட்டர் பேட்டைச் சுத்தினாங்களா? அப்போ ஸ்ட்ரைக், எங்க பட்டிருந்தாலும் சரி. சுத்தலையா? பட்டப்போ பந்து ஸ்ட்ரைக் ஸோன்ல இருந்துதா? இருந்தா அதுவும் ஸ்ட்ரைக். அது மூணாவது ஸ்ட்ரைக்னா பேட்டர் அவுட். கேட்சர் மூணாவது ஸ்ட்ரைக்கைப் பிடிக்கலைன்னா ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடலாம்னு ஒரு விதி இருக்கே, அது இங்க உதவாது. உடம்புல பட்ட நொடியே பந்து டெட். திருட ஓடின ரன்னரும் திரும்பி வரணும். பேட்டருக்கு பேஸ் கிடைச்சு, அதனால பின்னாடி இருந்து தள்ளப்படுறவங்க மட்டும்தான் ஒரு பேஸ் நகரலாம்.

கேலரியில அடிக்கடி கேட்கிற ஒரு வாதம், "கையும் பேட்டோட சேர்த்திதான், அது ஃபவுல்." கிடையாது. கை உடம்போட சேர்த்தி. சுத்தும்போது விரல்ல பட்டா ஸ்ட்ரைக், சுத்தாம, ஸோனுக்கு வெளியே பட்டா பேஸ். தரையில குத்தி எழும்பி கால்ல பட்டாலும் பேஸ்தான்.

சண்டை வர்றது கடைசிக் கேள்வியில. விலக முயற்சி பண்ணணுமா?

பேஸ்பால் ரூல்புக் பண்ணணும்னு சொல்லுது. 1968 மே 31, டாட்ஜர்ஸ் பிட்சர் டான் டிரைஸ்டேல் வீசின பந்து, பேஸ் நிறைஞ்சிருந்த நேரத்துல, ஜயன்ட்ஸ் பேட்டர் டிக் டீட்ஸ் மேல பட்டுது. அவர் விலகவே இல்லைன்னு அம்பயர் ஹாரி வெண்டல்ஸ்டெட் பேஸ் தர மறுத்தார். டிரைஸ்டேல் ரன் கொடுக்காம தப்பிச்சு, அந்தத் தொடரை 58 இன்னிங்ஸுக்கு மேல கொண்டுபோனார். கிரிக்கெட்லயும் ஷாட் ஆடாம, விலகவும் பார்க்காம உடம்புல வாங்கினா லெக் பை கிடையாதே, அந்த மாதிரிதான்.

யுஎஸ்ஏ சாஃப்ட்பாலும் அமெரிக்க ஹைஸ்கூல் விதியும் வேற பக்கம் நிக்குது: விலகணும்னு கட்டாயமில்லை, ஆனா வேணும்னே போய் பந்துல படக்கூடாது. முழங்கையை நீட்டிக் கொடுத்தா பேஸ் கிடையாது. அந்த பிட்ச் பாலா ஸ்ட்ரைக்கானு மட்டும் சொல்லி ஆட்டம் தொடரும்.

எனக்கு இதுதான் நியாயமா படுது. கணக்கு போட்டுப் பாருங்க. பிட்சர் நிக்கிறது 43 அடியில. முன்னாடி தாவி வீசுறதால பந்து பறக்கிறது சுமார் 37 அடி. மணிக்கு 65 மைல் வேகத்துல, காற்றுத் தடையை விட்டுட்டா, 0.39 செகண்ட். பேஸ்பால்ல 95 மைல் பந்து வந்து சேர ஆகுற அதே நேரம். அதுக்குள்ள ஒரு பொண்ணு விலகினாளா, உறைஞ்சு நின்னாளானு அம்பயர் எப்படிப் பிரிப்பார்? உறைஞ்சு நின்னதுக்கு தண்டனையா?

ஆனா முழங்கையில கார்டு மாட்டிக்கிட்டு பிளேட்டை ஒட்டி நிக்கிறவங்களுக்கு இந்தச் சலுகை கொண்டாட்டம்தான், அதையும் மறுக்கல. டோர்னமென்ட்டுக்கு முன்னாடி எந்த ரூல்புக்னு கேட்டுக்கோங்க. காலேஜ் விதியோட வார்த்தைகள் வேற. நல்ல கோச்கள் சொல்லித்தர்றது ஒண்ணுதான்: முன் தோளை கேட்சர் பக்கம் திருப்பு, தாடையை உள்ளே இழு, பந்தை முதுகுல வாங்கு. மார்பைத் திறந்து பின்னாடி சாயாதே.