கரைந்து மறையும் தகடு

சைதாப்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கும்போது சாலையோர மரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? என்றோ ஒருவர் மரத்தில் தகரப் பலகை ஒன்றை ஆணியடித்து மாட்டியிருப்பார். பிறகு அதைக் கழற்ற மறந்துவிட்டார். மரம் வளர மறக்கவில்லை! சில ஆண்டுகளில் பட்டை பருத்துத் தகரத்தின் ஓரங்களை விழுங்கிவிடுகிறது. வெளியே இருந்த பலகை இப்போது மரத்துக்குள்ளே!

இதே நிகழ்ச்சி ஒரு குழந்தையின் தலையில் நடந்தால் என்ன ஆகும்? மருத்துவர்களை வெகுநாள் கவலைப்பட வைத்த கேள்வி இது.

கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் பாட்டி, "உச்சி பத்திரம்!" என்பார். அங்கே மெதுவாகத் துடிக்கும் மென்மையான இடமே உச்சிக்குழி. மண்டையோடு ஒரே எலும்பு அன்று; பல எலும்புகள் சேர்ந்தது. அவற்றின் இணைப்புகள் தையல் போட்டதுபோல் நெளிந்திருப்பதால் அவற்றுக்குத் 'தையல்கள்' என்றே பெயர். பிறக்கும்போது ஏறத்தாழ 34 செ.மீ. இருக்கும் தலைச் சுற்றளவு, ஓராண்டில் 45 செ.மீ. அளவுக்குப் பெருகுகிறது. உள்ளே மூளை வேகமாக வளர்கிறது. அதற்கு இடம் கொடுக்கத் தையல்களின் ஓரங்களில் புது எலும்பு உருவாகிறது.

ஏறக்குறைய 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதேனும் ஒரு தையல் காலத்துக்கு முன்பே மூடிக்கொள்கிறது. அந்தத் திசையில் தலை அகல முடியாது. வேறு திசையில் நீள்கிறது. இந்த விதியை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்க்கோ 1851-ஆம் ஆண்டில் விளக்கினார். சில குழந்தைகளுக்கு மூளையின் மீது அழுத்தமும் கூடலாம். எனவே அறுவைச் சிகிச்சை செய்து, எலும்பைத் துண்டுகளாக்கி, சரியான வடிவில் மீண்டும் பொருத்துகிறார்கள்.

துண்டுகள் நகராமல் எப்படிப் பிடித்து வைப்பது? டைட்டானியத் தகடும் திருகாணிகளும் போதுமே என்று தோன்றும். இங்கேதான் நம் தகரப் பலகை நினைவுக்கு வரவேண்டும். குழந்தையின் மண்டையோட்டில் வெளிப்புறம் எலும்பு சேர்கிறது; உட்புறம் கரைகிறது. தகடு நகர்வதில்லை, எலும்புதான் அதைத் தாண்டி வெளியே வளர்கிறது. முதலில் மேலே வைத்த தகடும் திருகாணியும் பின்னாளில் எலும்பின் உட்புறத்தில், மூளையின் உறையருகே காணப்பட்டதுண்டு. இளம் விலங்குகளில் நடந்த சோதனைகளில், உலோகத் தகடு பொருத்திய இடத்தில் எலும்பின் வளர்ச்சி குன்றியதும் தெரிந்தது.

அப்படியானால், தேவையுள்ளவரை பிடித்துக்கொண்டு, பிறகு தானே விலகும் தகடு கிடைத்தால்? கிடைத்தது! அதன் மூலப்பொருள் உங்களுக்குப் பழக்கமானதுதான். தயிருக்குப் புளிப்புத் தரும் லாக்டிக் அமிலம்! அதன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் உறுதியான பிளாஸ்டிக் ஆகிறது. 82 பங்கு லாக்டிக் அமிலமும் 18 பங்கு கிளைகோலிக் அமிலமும் கொண்ட தகட்டுக்கு அமெரிக்காவில் 1996-இல் அனுமதி கிடைத்தது. சூடாக்கினால் இளகும், தலையின் வளைவுக்கேற்ப வளைக்கலாம், ஆறினால் இறுகும்.

எலும்புகள் கூடும் முதல் இரண்டு மாதங்களில் தகடு பெரும்பாலும் உறுதியாக நிற்கிறது. உடலின் நீர் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுக்கிறது. ஏறத்தாழ ஓராண்டில் தகடு மறைந்துவிடும். எங்கே போயிற்று? கரியமில வாயுவும் நீருமாக மாறிவிட்டது. அந்த வாயுவைக் குழந்தை மூச்சில் வெளியே விட்டுவிட்டது!

குறைகளும் உண்டு. உலோகத்தைவிட வலிமை குறைவு. ஆகவே தடிமன் அதிகம். சில மாதங்கள் தோலுக்கடியில் மேடாகத் தட்டுப்படலாம். சிலருக்கு வீக்கம் வரும். விலையும் கூடுதல். வளர்ச்சி முடிந்த பெரியவர்களுக்கு டைட்டானியமே இன்றும் பெரிதும் பயன்படுகிறது.

உங்கள் வீட்டுக் குழந்தையின் தலை வடிவம் விநோதமாகத் தெரிந்தால், கையால் அழுத்திச் சரிசெய்ய முயல வேண்டாம். ஒரே பக்கம் படுப்பதால் வந்த தட்டையாகவும் இருக்கலாம். தையல் மூடியதாகவும் இருக்கலாம். பிரித்தறிய மருத்துவரால்தான் முடியும். இந்த அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் முதல் வயதிலேயே செய்யப்படுவதால் தாமதம் கூடாது. சைதாப்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் ஐந்தாவது நிலையம் எழும்பூர். அங்கே அரசுக் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது.

வளரும் எலும்புக்குப் பிடிப்பும் வேண்டும். உரிய காலத்தில் விடுதலையும் வேண்டும். பலகையை விழுங்கிய மரத்தை அடுத்த முறை பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.