ஈரச் சாலையில் இறங்குமுகம்

ஜூன் மாதம் மூணாறிலிருந்து மறையூர் வழியே சின்னாறுக்கு சைக்கிளில் இறங்குபவர் சுமார் 60 கி.மீ.க்குள் இரண்டு பருவங்களைப் பார்த்துவிடலாம். மேலே கொட்டும் தென்மேற்குப் பருவமழை. கீழே மழை மறைவுப் பிரதேசம். அமெச்சூர் பந்தயக்காரர்களுக்குக் கவலை மேல்பாதிதான். ஏற்றத்தில் மழை ஒரு வரப்பிரசாதம், உடம்பு சூடேறாது. வில்லங்கம் இறக்கத்தில். பழைய ரிம் பிரேக்கை அழுத்தினால் ரப்பர் கட்டை முதலில் சக்கரத்தின் தண்ணீரைத்தான் துடைக்கும், பிடிப்பது அப்புறம்தான். அதற்குள் வளைவு வந்துவிடும், எதிரே பஸ்ஸும் வரலாம். பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதி மலைப்பாதையிலும் இதே கதைதான். தொழில்முறைச் சாலைப் பந்தயங்களில் 2018ல் முறைப்படி அனுமதி பெற்ற டிஸ்க் பிரேக் ஈரத்திலும் சட்டென்று பிடிக்கும். ஆனால் டயர் வழுக்கினால் எந்த பிரேக்கும் உதவாது. அனுபவசாலிகள் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைக்கிறார்கள். வெள்ளைக் கோட்டில் ஏறுவதில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணிக்கிறார்கள். இழந்த விநாடிகளை மறையூர் தாண்டி, காய்ந்த தாரில் மீட்டுக்கொள்ளலாம்.