உண்டதைக் கேட்டறியும் வினாக்கொத்து உண்மை சொல்லுமா?

நெல் விளைச்சலை அறிவதற்கு இரண்டு வழிகள் உண்டு. கமக்காரரிடம் சென்று, "ஏக்கருக்கு எத்தனை புசல் கண்டீர்கள்?" என்று கேட்பது ஒரு வழி. வயலில் ஒரு துண்டை அளந்து குறித்து, அதிலுள்ள பயிரை அறுத்து, சூடடித்து, தூற்றி, நிறுத்துப் பார்ப்பது மற்றைய வழி. முன்னையது எளிது, ஒரு நாளிற் பல வீடுகளுக்குச் சென்று கேட்கலாம். பின்னையது கடினம், ஆயினும் தராசு மறப்பதுமில்லை, வெட்கப்படுவதுமில்லை. இக்காரணம் பற்றியே நம் நாட்டிற் போகந்தோறும் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் தெரிந்தெடுத்த வயல்களிற் பயிரை வெட்டி நிறுத்து விளைச்சலை மதிப்பிடுகின்றது.

விளைந்ததை அறிவதற்கே இத்துணை முயற்சி வேண்டுமாயின், உண்டதை அறிவதற்கு எவ்வளவு முயற்சி வேண்டும்? மக்கள் எதனை உண்கின்றனர், எவ்வளவு உண்கின்றனர் என்பது அரசுக்கும் சுகாதாரப் பகுதியினருக்கும் தெரிய வேண்டிய செய்தியாகும். எப்பகுதிக்கு உதவி அனுப்புவது, எப்பயிரை ஊக்குவிப்பது என்பன இச்செய்தியைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, இலங்கையில் ஏறக்குறைய 63 இலட்சம் மக்கள் போதிய உணவின்றி இடருறுகின்றனர் என ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் உலக உணவுத் திட்டமும் மதிப்பிட்டன. இத்தகைய மதிப்பீடுகளுக்கு வீடு வீடாகக் கேட்கப்படும் வினாக்கள் ஓர் ஆதாரமாகும். விடை பிழைத்தால் கணக்குப் பிழைக்கும். கணக்குப் பிழைத்தால், பசித்த வீட்டைத் தாண்டி உதவி வேறிடம் சென்றுவிடும்.

குறுகிய வினாக்கொத்து என்பது யாது?

ஒருவர் உண்ணும் ஒவ்வோர் உணவையும் நிறுத்து எழுதுவதே மிகத் திருத்தமான முறையாகும். ஆனால் ஒருவரே சில நாட்களுக்கு மேல் இதனைச் செய்யின் சலிப்படைவர். எழுதுவதற்கு எளிதாக இருக்கும்பொருட்டுத் தம் உணவையே மாற்றியும் விடுவர். ஆகவே ஆராய்ச்சியாளர் குறுக்கு வழிகளை வகுத்தனர். நேற்றைய பொழுதில் உண்டவற்றை நினைவுகூரச் செய்தல் ஒன்று. ஒவ்வோர் உணவையும் மாதத்திற்கோ வாரத்திற்கோ எத்தனை முறை உண்பீர்கள் என வினவும் உணவு மீடிறன் வினாக்கொத்து மற்றொன்று. இவற்றினுஞ் சுருக்கமாக, ஐந்து பத்து நிமிடத்திற் கேட்டு முடிக்கத்தக்க பட்டியல்களும் உள.

இச்சுருக்கப் பட்டியல்களில் இரண்டு நம் நாட்டவர் அறிய வேண்டியவை. முதலாவது, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுக்கானது. உணவுகள் பத்துத் தொகுதிகளாகப் பிரிக்கப்படும். தானியமும் கிழங்கும் ஒன்று; பயறு, கௌபீ, உழுந்து முதலிய அவரையினம் ஒன்று; கச்சான், எள்ளு முதலிய வித்துக்கள் ஒன்று; பாலும் தயிரும் ஒன்று; இறைச்சியும் மீனும் ஒன்று; முட்டை ஒன்று; கரும்பச்சை இலைக்கறிகள் ஒன்று; பூசணி, பப்பாசி போன்ற விற்றமின் ஏ நிறைந்த காய்கனிகள் ஒன்று; ஏனைய மரக்கறிகள் ஒன்று; ஏனைய பழங்கள் ஒன்று. நேற்று இப்பத்தில் ஐந்துக்குக் குறையாத தொகுதிகளை உண்ட பெண்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கணக்கிடுவர். 15 கிராமுக்குக் குறைந்த அளவு கணக்கிற் சேராது. இது ஓர் ஊரின் நிலையை அறியும் அளவுகோலேயன்றி, தனியொருத்தியின் உடல்நலத்தைத் தீர்ப்பதற்குரியதன்று.

இரண்டாவது, உலக உணவுத் திட்டத்தின் உணவு நுகர்வுப் புள்ளியாகும். கடந்த ஏழு நாட்களில் வீட்டில் ஒவ்வோர் உணவுத் தொகுதியும் எத்தனை நாள் உண்ணப்பட்டது எனக் கேட்டு, தானியத்தை 2 ஆலும், அவரையினத்தை 3 ஆலும், மரக்கறியையும் பழத்தையும் 1 ஆலும், மீன் இறைச்சி முட்டையை 4 ஆலும், பாலை 4 ஆலும், சீனியையும் எண்ணெயையும் அரையாலும் பெருக்கிக் கூட்டுவர்.

ஒரு வீட்டின் கணக்கு

உதாரணமாக ஒரு கமக்காரர் வீட்டைக் கொள்வோம். சோறு ஏழு நாளும், பருப்பு இரண்டு நாளும், மரக்கறி ஐந்து நாளும், பழம் ஒரு நாளும், மீன் இரண்டு நாளும் உண்ணப்பட்டன. பால் இல்லை. சீனியும் எண்ணெயும் நாள்தோறும் பயன்பட்டன. 14, 6, 5, 1, 8, 3½, 3½ எனக் கூட்டினால் 41 புள்ளி வரும். 35 க்கு மேற்பட்டால் "போதுமானது" என்பது வழக்கமான எல்லை. ஆனால் சீனியும் எண்ணெயும் நாள்தோறும் பயன்படும் இடங்களில் 42 எல்லையாகக் கொள்ளப்படுவதுண்டு. முதலாவது எல்லைப்படி இவ்வீடு நிறைவுடையது. இரண்டாவது எல்லைப்படி குறைவுடையது. சோறு மாறவில்லை, கறி மாறவில்லை. எல்லைக் கோடு மாத்திரமே மாறியது.

இனி, சம்பலில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மாசிக்கருவாட்டுத் தூள் இட்டதை வீட்டுக்காரி "மீன் ஏழு நாளும் உண்டோம்" என்று சொல்லிவிட்டால், மீனுக்கு 8 க்குப் பதில் 28 சேர்ந்து, புள்ளி 61 ஆகிவிடும். தேநீரிற் கலந்த சிறிது பாலுக்கும் இதுவே நிலை. ஆகவேதான் சுவைக்காக இடும் சிறு அளவுகளைச் சேர்க்கலாகாது என்று வினவுவோருக்குப் பயிற்சியளிக்கப்படுகின்றது. சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் புரூண்டி, கெயிட்டி, இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் தரவுகளைக் கொண்டு இப்புள்ளியைப் பரிசோதித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே காட்டிற்று. சிறு அளவுகளை நீக்கிக் கணக்கிட்டபோது, புள்ளி வீட்டவர் பெற்ற கலோரியோடு சிறப்பாக இணைந்து சென்றது. வழக்கமான எல்லைகளோ, கலோரிக் கணக்கோடு ஒப்பிடுமிடத்து, உணவுக் குறையுள்ள வீடுகளிற் பலவற்றைக் காணாது விட்டன.

பரிசோதிக்கும் முறை

தராசு சரியானதா என்று அறிய விரும்புபவர், எடை தெரிந்த படிக்கல்லை அதில் இட்டுப் பார்ப்பார். வினாக்கொத்தையும் அவ்வாறே ஒரு படிக்கல்லோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் பல நாட்கள் நிறுத்து எழுதிய உணவுக் குறிப்பே படிக்கல்லாகக் கொள்ளப்படும். 1985 இல் ஐக்கிய அமெரிக்காவில் வோல்டர் வில்லெற் முதலியோர், 61 உணவுகள் கொண்ட மீடிறன் வினாக்கொத்தொன்றைத் தாதியர் 173 பேரிடம், ஒவ்வொன்றும் ஒரு வாரம் நீடித்த நான்கு உணவுக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பரிசோதித்தனர். பின்வந்த பல பரிசோதனைகளுக்கு இது முன்மாதிரியாயிற்று.

ஆயினும் இப்படிக்கல்லிலும் ஒரு குறை உண்டு. எழுதுபவரும் விடையளிப்பவரும் ஒருவரே. இனிப்பு உண்டதைச் சொல்லக் கூசுபவர் அதனை எழுதவும் கூசுவர். இரண்டும் ஒத்திருப்பதால் இரண்டும் உண்மை எனல் ஆகாது. எனவே, மனிதரின் வாய்மொழியைச் சாராத படிக்கற்கள் தேடப்பட்டன. உண்ட புரதத்தின் நைதரசனிற் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறும். ஒரு முழு நாளின் சிறுநீரைச் சேர்த்து அதிலுள்ள நைதரசனை அளந்தால், உண்ட புரதத்தை மதிப்பிடலாம். செலவழிந்த சக்தியை அறிவதற்குப் பார ஐதரசனும் பார ஒட்சிசனும் கலந்த நீரைப் பருகச் செய்வர். ஐதரசன் நீராக மாத்திரம் வெளியேறும். ஒட்சிசனோ நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகத்தின் வேறுபாட்டிலிருந்து, உடல் எரித்த சக்தி கணிக்கப்படும். லிவ்சன் முதலியோர் 1955 இல் விலங்குகளிற் கையாண்ட இம்முறை, 1982 இல் மனிதரிடத்துக் கையாளப்பட்டது. உடல்நிறை மாறாதிருப்பவர் செலவழித்த சக்தியே உண்ட சக்தியாகும்.

மேரிலாந்து மாநிலத்தில் 1999, 2000 ஆம் ஆண்டுகளில், 40 முதல் 69 வயது வரையுள்ள 484 பேரிடம் இவ்விரு படிக்கற்களையும் கொண்டு ஒரு பரிசோதனை நடைபெற்றது. அதன் முடிவுகள் 2003 இல் வெளிவந்தன. மீடிறன் வினாக்கொத்தில் ஆண்கள் தாம் உண்ட சக்தியை நூற்றுக்கு 31 முதல் 36 வரையும், பெண்கள் 34 முதல் 38 வரையும் குறைத்துக் கூறியிருந்தனர். முன்னாள் உணவை நினைவுகூர்ந்த முறையில் இக்குறைவு ஆண்களிடம் 12 முதல் 14 வரையும், பெண்களிடம் 16 முதல் 20 வரையுமாக இருந்தது. கல்வியிற் குறைவில்லாதவர்களே மூன்றில் ஒரு பங்கை மறந்தனர் அல்லது மறைத்தனர் என்றால், வினாக்கொத்தின் விடையை எழுத்துக்கு எழுத்து நம்புதல் எவ்வாறு?

வரிசை வேறு, அளவு வேறு

இவ்விடத்து ஒரு நுட்பத்தை அறிதல் வேண்டும். நான்கு கமக்காரரின் உண்மை விளைச்சல் ஏக்கருக்கு 40, 60, 80, 100 புசல் எனக் கொள்வோம். அவர்கள் கூறியதோ 30, 45, 60, 75 புசல். யார் முதல், யார் கடை என்னும் வரிசையிற் பிழையே இல்லை. ஆயினும் ஒவ்வொருவர் கூற்றிலும் காற்பங்கு குறைந்துள்ளது. வரிசையை மாத்திரம் ஆராய்பவர் "முற்றிலும் பொருந்துகின்றது" என்பார். களஞ்சியம் கட்டுபவரோ இடம் போதாமல் ஏமாறுவார். இணைவை மாத்திரம் பார்த்து இரு அளவைகளும் ஒன்று எனத் துணிதல் தவறு என்றும், இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாட்டையே நோக்க வேண்டும் என்றும் பிளான்ட், ஓல்ட்மன் என்னும் புள்ளிவிபரவியலாளர் இருவர் 1986 இல் எடுத்துக் காட்டினர்.

"போதும்", "போதாது" என இரண்டாகப் பிரிக்கும் வினாக்கொத்துக்கு மற்றொரு சோதனையும் உண்டு. சுளகினாற் புடைக்கும்போது இரு பிழைகள் நேரலாம்: பதர் நெல்லோடு தங்குதல் ஒன்று, நல்ல நெல் பதரோடு பறந்து போதல் மற்றொன்று. குறையுள்ள வீட்டை நிறைவுடையது எனலும், நிறைவுள்ள வீட்டைக் குறையுடையது எனலும் அவ்வாறானவையே. இரண்டையும் தனித்தனியே எண்ணிப் பார்த்த பின்னரே வினாக்கொத்தை ஏற்றல் வேண்டும். முற்கூறிய பத்துத் தொகுதிப் பட்டியலைக் கம்போடியா, எதியோப்பியா, சாம்பியா ஆகிய நாடுகளில் நிறுத்தறிந்த உணவோடு ஒப்பிட்டு 2020 இல் வெளியிட்ட ஆய்விலே, வாய்மொழி விடைகள் பெண்களின் உணவு வகையை உள்ளதினும் மிகுத்தே காட்டின. ஊரில் ஐந்து தொகுதி உண்ணாத பெண்கள் சிலர், கணக்கில் உண்டவராகிவிட்டனர்.

இன்னும் ஒன்று. ஒரு நாட்டுக்கு ஏற்ற வினாக்கொத்து மற்றொரு நாட்டுக்கு ஏற்றதாகாது. பிட்டையும் இடியப்பத்தையும் பொன்னாங்காணியையும் கேளாத பட்டியல் நம்மவர் உணவை எவ்வாறு அறியும்? இதனை உணர்ந்தே, இலங்கையில் வளர்ந்தோருக்கென ஓர் உணவு மீடிறன் வினாக்கொத்தை ரணில் ஜயவர்தன முதலிய ஆய்வாளர் உருவாக்கி, அதன் முறையை 2012 இல் வெளியிட்டனர்.

கமக்காரர் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

குறைகள் உள என்பதற்காக வினாக்கொத்தைத் தள்ளிவிடுதல் தகாது. பிழை எவ்வளவு, எத்திசையில் என்பது தெரிந்த தராசு பயன்படும் தராசேயாகும். அப்பிழையைக் குறைப்பதில் விடையளிப்போருக்கும் பங்குண்டு.

1. வீட்டுக்கு வந்து வினவுபவரிடம், சமைப்பவரே விடையளிக்க வேண்டும். வயலிலிருந்து மாலையில் வரும் ஆண்மகனுக்குப் பகற்பொழுதில் வீட்டிலுள்ளோர் உண்டது தெரியாது.

2. பானையிற் சமைத்தது வேறு, ஒவ்வொருவர் கோப்பையில் விழுந்தது வேறு. எல்லாருக்கும் பரிமாறிக் கடைசியில் உண்ணும் தாய்க்கு மீன் எஞ்சாதிருந்தால், அவள் "உண்டேன்" என்று சொல்லலாகாது. வீட்டுக் கௌரவத்துக்காக அவள் சொல்லும் ஒரு சொல், அவளுடைய குறையையே கணக்கிலிருந்து அழித்துவிடும்.

3. நிவாரணம் கிடைக்கும் என்று எண்ணிக் குறைத்துக் கூறுதலும் அத்தகைய தீங்கே. இல்லாத குறை பதியப்படும் இடத்தில், உள்ள குறை மறைந்துபோம்.

4. அறுவடை முடிந்த மாதத்தின் உணவு வேறு. விதைப்புக்கு நெல்லை ஒதுக்கிய பின் வரும் மாதத்தின் உணவு வேறு. கேட்கப்பட்ட நாளின் உணவை மாத்திரமே சொல்ல வேண்டும்.

5. ஒவ்வொரு குடும்பமும் இப்பரிசோதனையைத் தானே செய்து பார்க்கலாம். ஒரு நாள் இரவு, அன்று உண்டவற்றை நினைவிலிருந்து கூறி ஒருவர் எழுதட்டும். மறுநாள் சமையலறையில் ஒரு தாளைத் தொங்கவிட்டு, உண்ணுந்தோறும் அப்பொழுதே குறித்து வைத்து, அன்றிரவு தாளைப் பாராமல் மீண்டும் நினைவுகூரட்டும். தாளுக்கும் நினைவுக்கும் உள்ள வேறுபாடே அவ்வீட்டு வினாக்கொத்தின் பிழையாகும்.

6. அத்தாளிலே பத்துத் தொகுதிகளில் எவை இல்லை என்பதும் தெரியவரும். இலைக்கறி இல்லையாயின் வேலியோரத்தில் ஒரு முருங்கையும், கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும் வைக்கலாம். அவரையினம் இல்லையாயின், நெல் அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் ஈரத்தைக் கொண்டு பயறு விதைக்கலாம். அது வீட்டுக்கு உணவும் நிலத்துக்கு உரமுமாகும். பழம் இல்லையாயின் கழிவுநீர் ஓடும் இடத்தில் ஒரு பப்பாசி போதும்.

நெல்லை நிறுத்து விற்கும் கமக்காரர், நிறுவையிற் சிறு பிழை நேரினும் பொறுப்பதில்லை. தம் வீட்டவர் உண்ணும் உணவின் கணக்கிலும் அதே கண்டிப்பு இருத்தல் வேண்டும். ஒரு மூடை நெல்லிற் பிழைத்தது அடுத்த போகத்தில் ஈடாகலாம். வளரும் பிள்ளைக்கும் பாலூட்டும் தாய்க்கும் குறைந்த உணவு எப்போகத்திலும் ஈடாகாது.